பதினொரு பற்றுச்சீட்டும் முன்வரிசைக் கதிரையும்

அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர், அவர் இளைப்பாறிய தபாலதிபர். காரியதரிசி, அவர் இங்கிலிஷ் வாத்தியார். தனாதிகாரி, நெல்லியடியில் புடைவைக்கடை வைத்திருந்த முதலாளி. நிர்வாக சபை உறுப்பினர் இரண்டு பேர், இருவரும் தலைவருக்கு மச்சான் முறை. வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்து முடிந்ததும் நித்திரையாகிவிடுவார்கள். பிறகு நான், சங்கத்தின் எழுத்து வேலைக்கும் எடுபிடி வேலைக்கும் சேர்த்து ஒரே ஆள். வரவு ஆறு பேர் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதினதும் நான்தான். ஏழாவதாக, திறந்திருந்த கதவுக்கு வெளியே, முற்றம் கூட்டுகிற மனிசி விளக்குமாற்றோடு நின்றா. அவவை நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது 'அவ' என்று மரியாதையாக எழுதுகிறேன். அந்த நாளில் தலைவரிலிருந்து இல்லத்துக் கடைசிப் பிள்ளை வரைக்கும் எல்லோருக்கும் அவ 'நீ'தான். அவவுக்கு நாங்கள் எல்லோரும் 'நயினார்'. எனக்கும் நயினார் பட்டம் இருந்தது. மாதம் அறுபது ரூபா நயினார்.

எங்கள் சங்கம் ஒரு தர்ம ஸ்தாபனம். தாய்தகப்பன் இல்லாத பதினாறு பிள்ளைகளை வைத்துச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது. முன்சுவரில் 'சாதி சமயம் பாராத சேவை' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. அதை எழுதின பெயின்ற்காரனுக்கு முற்றத்தில் நிற்கவைத்துப் போத்தலில் தேத்தண்ணி கொடுத்தோம். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோதனை எழுதுகிறதென்றால் எனக்குப் பயம். பயந்து பயந்து ஒருநாள் போகாமலே இருந்துவிட்டேன். கையெழுத்து மட்டும் அச்சுப் போல இருந்ததால் சங்கத்தில் எடுத்தார்கள். சீனிக்குக் கூப்பனும் பாணுக்கு வரிசையுமாக இருந்த தட்டுப்பாட்டுக் காலம். அறுபது ரூபா எந்தப் பக்கம் இழுத்தாலும் காணாது. ஒருமுறை மெல்ல வாயைத் திறந்து கேட்டேன். காரியதரிசி, இங்கே ஒருவரும் சம்பளத்துக்காக வேலை செய்வதில்லை, இது சேவை என்று விளங்கப்படுத்தினார். பிள்ளைகளைப் பராமரிக்கிற மேற்றன் வேலை பார்த்த தலைவரின் தங்கைக்கு மட்டும் சேவை கூடக் கூடச் சம்பளமும் கூடிக்கொண்டு போனது.

அன்றைய கூட்டம் ஒரு கடிதத்தைப் பற்றியது. குளிர் நாடொன்றிலிருந்த ஒரு உதவி நிறுவனம் எழுதியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூன்று தர்ம ஸ்தாபனங்களைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றும் தன்னிடம் வேலை செய்கிறவர்களின் விபரத்தை அனுப்பவேண்டும்: ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன சமயம், எந்தச் சமூகம், என்ன சம்பளம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பலவகை மக்களுக்கும் வேலையும் நியாயமான சம்பளமும் கொடுக்கிற ஒன்றுக்கு, அதன் வேலையாட்களின் முழுச் சம்பளத்தையும் தாங்களே தருவார்கள்.

சம்பளம் என்ற சொல் கேட்டதும் மச்சான்மார் இருவரும் கண் விழித்தார்கள்.

"மற்ற ரண்டு பேரும் என்ன எழுதுகினம் எண்டு பாக்காமல் நாங்கள் எப்பிடி எழுதுறது?" என்றார் காரியதரிசி. வகுப்பில் பார்த்தெழுதுகிற பிள்ளைகளின் காதைத் திருகுகிறதில் அவருக்குப் பெரிய பெயர். பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

முதலில் வட்டுக்கோட்டைப் பக்கம், மிசன்காரர் நடத்தின ஒரு இல்லம். பஸ் முழுக்கப் பயந்துகொண்டே போனேன், உளவு பார்க்க வந்தாய் என்று பிடித்துவிடுவார்களோ என்று. அங்கே என்னைப் போல எழுத்து வேலை பார்த்த ஒரு அண்ணை படிவத்தைத் தானாகவே எடுத்துக் காட்டினார். கிட்டத்தட்ட எல்லோரும் வேதக்காரர். அவருக்குச் சம்பளம் நூற்றிப் பதினைந்து. நத்தார்ப் பண்டிகைக்கு வேட்டி சால்வை வேறு.

"இந்து ஒருத்தரும் இல்லையோ அண்ணை?"

"ஏன் இல்லை, சமையல்காரர் இருக்கிறார். சுத்த சைவம்."

வேதக்காரர் சாப்பிடுகிற சோற்றைச் சைவக்காரர் ஏன் சமைக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் சமைச்சால் எல்லாரும் வாயிலை வைப்பினமோ, அவரைத்தானே தம்பி அடுப்படியிலை விடலாம்."

ஞானஸ்நானம் தலையில் விழுந்த தண்ணீர். அது வயிறு வரைக்கும் இறங்கவில்லை. ஆனாலும் படிவத்தில் 'இரு சமயத்தவர்' என்று அழகாக எழுதியிருந்தார்கள்.

அடுத்தது தொண்டைமானாற்றுப் பக்கம், கடற்றொழிலாளருக்கென்று ஒரு நலச் சங்கம். வேலையாட்கள் ஆறு பேர். ஐந்து பேர் அதன் தலைவருக்கு மருமக்கள். ஆறாவது ஆளுக்கு அந்த வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளைக்கு எண்பது ரூபா, மீன் புறம்பு. பெண்கள் என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பெண்கள் ஒருவரும் இல்லையா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

"பெண்டுகள் வலை பொத்துவினம், கருவாடு போடுவினம், சந்தைக்குக் கொண்டுபோய் வித்துக் காசும் கொண்டருவினம். வேலை ஒண்டும் செய்யிறேல்லை."

திரும்பி வந்து மூன்று ஸ்தாபனங்களையும் ஒரே தாளில் கோடு போட்டு எழுதினேன். என்னுடைய வேலையைச் செய்கிறவனுக்கு மிசன்காரரிடம் நூற்றிப் பதினைந்து, கடற்கரையில் எண்பதும் மீனும், எங்களிடம் அறுபது. அந்த அறுபதின் கீழே இரண்டு கோடு இழுத்தேன். காரியதரிசி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோடு நல்லாய்ப் போட்டிருக்கிறாய்," என்றார்.

பிறகு எங்கள் கதைக்கு வந்தார்கள். எங்களிடம் சம்பளம் வாங்கியது நான்கு பேர்: மேற்றன், சமையல்காரி, காவல்காரன், நான். மேற்றன் தலைவரின் தங்கை, சமையல்காரி மேற்றனின் ஒன்றுவிட்ட மகள், காவல்காரன் முதலாளியின் பெரியப்பாவின் மகன். எனக்கு மட்டும்தான் ஒருவரோடும் சொந்தமில்லை. ஆனால் நானும் அதே சாதி. சங்கத்தில் சாதி பார்ப்பதில்லை என்பது முழு உண்மை. பார்க்க என்ன இருந்தது, எல்லோரும் ஒன்றுதான்.

காரியதரிசிக்கு மூளை வேலை செய்தது. பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை தலைமயிர் வெட்ட வருகிறவரையும் முற்றம் கூட்டுகிறவவையும் உத்தியோகத்தராக எழுதலாம் என்றார். 'சிகையலங்கார அலுவலர்' ஒருவர். 'சுகாதார உதவியாளர்' ஒருவர். சம்பளக் கட்டத்தில் மிசன்காரரை முந்தவேண்டும் என்பதால் எனக்கு நூற்றி நாற்பது போட்டார். சுகாதார உதவியாளருக்கு நூறு. அவவுக்கு உண்மையில் கொடுத்தது இருபது ரூபாவும் மிஞ்சின சோறும். நூறு என்று அவர் உரத்துச் சொன்னபோது வெளியே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. எனக்கு அது கேட்டது. மற்றவர்களுக்கு அது கேட்கிற சத்தமில்லை.

தலைமயிர் வெட்டுகிறவரிடம் சொல்லப் போனேன். அவர் நெல்லியடியில் சலூன் போட்டிருந்தார். உத்தியோகத்தைக் கேட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். ஒரு சனிக்கிழமையில் தான் உழைக்கிற காசுக்குச் சங்கத்தில் மாதம் முழுக்க அலுவலராக இருக்கவேண்டுமோ என்று கேட்டு, பெயரை வெட்டச் சொன்னார். வெட்டினோம். அப்படியாக எங்கள் சமத்துவம் முழுவதும் அந்த மனிசி ஒருத்தியின் தலையில் வந்து இறங்கியது.

படிவம் போய்ச் சேர்ந்து, பார்வையிட ஒரு வெள்ளைக்கார அம்மா வரப்போகிறா என்று தந்தி வந்தது. உத்தியோகத்தர் எல்லோரோடும் ஒன்றாக இருந்து கதைக்கவேண்டுமாம். ஒன்றாக இருந்து என்ற சொல்தான் தலைவரைக் கொன்றது. சுகாதார உதவியாளரைக் கதிரையில் இருத்தினால் மேற்றன் இருக்கமாட்டா. நிலத்தில் இருத்தினால் வெள்ளைக்காரி எழுதிக்கொண்டு போவா. இரண்டு நாள் யோசித்தார்கள். கடைசியில் கதிரை, வாங்கு எல்லாவற்றையும் பின்அறைக்குள் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். எல்லோரும் நிற்பது. அடுத்தது குடிக்கிறது. தேத்தண்ணி என்றால் கோப்பை வரும், கோப்பையை ஆர் கழுவுவது, பிறகு அதில் ஆர் குடிப்பது. முதலாளி ஒரு பெட்டி சோடா இறக்கினார். ஆளுக்கொரு போத்தல். ஒருவரின் வாய் பட்டது இன்னொருவருக்கு வராது.

அந்த அம்மா வந்து ஒன்றரை மணித்தியாலம் நின்றா. தலைவருக்கு முழங்கால் வாதம். கம்பைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய நின்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர்கூடக் கதிரையில் அமராத ஸ்தாபனத்தைத் தான் எங்கும் கண்டதில்லை என்றும், எல்லோரும் ஒரே மாதிரிப் போத்தலில் குடிக்கிற எளிமை மனதைத் தொட்டதென்றும் சொன்னா. காரியதரிசி தமிழில் எங்களுக்குச் சொல்லும்போது அவருக்கே நாக்குத் தடுக்கியது.

பிறகு அந்த அம்மா சுகாதார உதவியாளரிடம் ஏதோ கேட்டா. காரியதரிசி அதை, "வேலை பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறா," என்றார்.

"ஓம் நயினார். நூறு ரூபா தந்தால் நல்லாய்ப் பிடிக்கும்."

காரியதரிசி அதை இங்கிலிஷில் சொன்னார். என்ன சொன்னாரோ, அம்மா அவவின் கையைப் பிடித்துக் குலுக்கினா. மேற்றன் மறுபக்கம் திரும்பிச் சோடாவைக் குடித்தா.

காசு எங்களுக்கே வந்தது. மாதாமாதம் வங்கிக்கு வரும். சம்பளத் தாளில் ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்து, தாள் திரும்பிப் போகவேண்டும். எனக்கு அறுபது எழுபத்தைந்தாகியது. நூற்றி நாற்பதுக்குக் கையெழுத்து வைத்தேன். மறியலில் போட்டால் யாழ்ப்பாணச் சிறையோ வெலிக்கடையோ என்று யோசித்தபடி வைத்தேன். அவவும் வைத்தா. என்னுடையதைவிடப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக. வைத்து முடித்ததும் முதலாளி இரண்டு பத்து ரூபாத் தாளை மேசை விளிம்பில் வைப்பார். கையில் கொடுக்கிறதில்லை.

எங்கள் வளவுக் கிணற்றில் அவ அள்ளக்கூடாது. குடம் கொண்டுவந்து தள்ளி நிற்பா. ஆராவது அள்ளி ஊற்றவேண்டும். அந்த ஆராவது பெரும்பாலும் நான். மூன்றாம் மாதம் சம்பளத்தன்று ஊற்றிக்கொண்டிருந்தபோது அவ கேட்டா.

"நயினார், நான் மூண்டாம் வகுப்பு படிச்சனான். ஒண்டுக்குப் பின்னாலை ரண்டு பூச்சியம் கிடந்தால் என்னவெண்டு தெரியும். மிச்ச எண்பதும் எங்கை?"

சங்கத்துக்குப் போகிறது என்றேன்.

"சங்கத்துக்கு என்ரை காசில்லாமலோ குறைஞ்சு போச்சு?"

நான் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன். அவ விட்டுவிடவில்லை. தாங்கள் இருக்கிற பக்கத்தில் எட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு கிணறு வெட்டப்போகிறார்களாம். அதுவரைக்கும் எட்டுக் குடும்பமும் இன்னொருவரின் கிணற்றடியில், ஆராவது வந்து அள்ளி ஊற்றுமட்டும் குடத்தோடு நிற்கிறது. வீட்டுக்கு முந்நூறு ரூபா பங்கு. மற்ற ஏழு வீடும் பங்குக் காசைக் கட்டிவிட்டது. இருபது ரூபாவில் மிச்சம் பிடித்து முந்நூறு சேர்க்க எத்தனை வருசம் செல்லும் என்று என்னைக் கேட்டா. எட்டாம் வகுப்புக் கணக்கில் எனக்கு அதற்கு விடை வரவில்லை.

இந்தக் கதையை நான் முதலாளியிடம் சொல்லப் போனது அவவுக்காக இல்லை. என் பயத்துக்காக. கணக்காய்வாளர் வந்து வங்கியில் நூறும் கையில் இருபதும் என்று கண்டுபிடித்தால் தாள் எழுதினவன் நான். முதலாளி சிரித்தார். கடையில் எத்தனை கணக்காய்வாளரைப் பார்த்தவர். "எண்பதையும் அவள் சங்கத்துக்குத் தந்த நன்கொடை எண்டு பற்றுச்சீட்டை எழுது. வரவும் சரி, செலவும் சரி," என்றார். எனக்கும் அப்படியே, மாதம் அறுபத்தைந்து ரூபா நன்கொடை. நான் அவ்வளவு தாராள மனதுள்ளவன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் 'மூலப்பிரதி நன்கொடையாளருக்கு' என்று அச்சடித்திருந்தது. அதுதான் என்னைத் தின்றது. மூலப்பிரதி புத்தகத்திலேயே இருந்தால் கணக்காய்வாளர் ஏன் என்று கேட்கமாட்டாரா. ஆகையால் மாதாமாதம் எழுதினதும் கிழித்து, அவ மேசையிலிருந்து இருபது ரூபாவை எடுக்கும்போது கையில் கொடுத்தேன். என்னுடையவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தேன். அவவும் அடுப்பு மூட்டுவா என்றுதான் நினைத்தேன். பின்னாளில் சிலர் என்னைப் புரட்சிக்காரன் என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், விதியில் அப்படி அச்சடித்திருந்தது, எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

சீட்டு எழுதத் தொடங்கிப் பதினொரு மாதம் போய், வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்தது. மேடையில் சமூகசேவைத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் பிரதம விருந்தினர். முன்வரிசையில் 'ஆயுட்கால உறுப்பினர்' என்று தாள் ஒட்டின இரண்டு கதிரை. ஒன்றில் ஒரு சுருட்டு முதலாளி இருந்தார். மற்றது கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவருடையது. அவர் ஒருநாளும் வருவதில்லை. தேவாரம் முடிந்து தலைவர் எழும்பிக் கதைக்கத் தொடங்கினபோது அவ உள்ளே வந்தா. தோய்த்து உலர்த்தின வெள்ளைச் சேலை. நேரே முன்வரிசைக்கு நடந்துபோய்க் கொழும்பு முதலாளியின் கதிரையில் இருந்தா.

சுருட்டு முதலாளி எழும்பி யன்னலடிக்குப் போனார். நான் மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றேன்.

தலைவர் பேச்சை நிறுத்தினார். "என்ன இது? எழும்பு."

அவ மடியிலிருந்து தாள்களின் கட்டு ஒன்றை எடுத்தா. பனையோலைச் சார்வினால் கட்டியிருந்தது. காரியதரிசி இறங்கிவந்து வாங்கி எண்ணினார். பதினொரு பற்றுச்சீட்டு. ஒவ்வொன்றும் எண்பது ரூபா. எல்லாம் என் அச்சுப் போன்ற கையெழுத்தில். பின்பக்கத்தைப் பாருங்கோ நயினார் என்றா. அவர் திருப்பினார். கொழும்பு முதலாளிமாரை இழுக்கவென்று அவரே எழுதி அச்சடித்த விதி அங்கே இருந்தது: ஐந்நூறு ரூபாவுக்கு மேல் நன்கொடை தந்தவர் ஆயுட்கால உறுப்பினர், பொதுக்கூட்டத்தில் ஆசனமும் வாக்கும் உண்டு. எட்டாம் வகுப்புப் படித்த நான் ஒரு பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்தது மூன்றாம் வகுப்பு.

கணக்குப்படி நானும் ஆயுட்கால உறுப்பினர்தான். எரித்துவிட்டேனே.

மேடையில் திணைக்கள உத்தியோகத்தர் இருந்ததால் ஒருவரும் கை நீட்டவில்லை. இது என்ன ஏற்பாடு என்று அவர் மெதுவாகக் கேட்டார். சங்கத்தின் பெரிய நன்கொடையாளர் என்று காரியதரிசி சொல்லவேண்டியதாயிற்று. உத்தியோகத்தர் கைதட்டினார். வேறு வழியில்லாமல் சபையும் தட்டியது. கைதட்டல் அடங்கினதும் தலைவர் குனிந்து கேட்டார்.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"கதிரை வேண்டாம் நயினார். எண்ணூற்றெண்பது ரூபாவைத் தாங்கோ, எழும்பிறன்."

தர்மத்துக்குக் காசு எடுத்துக் கொடுப்பதில் அவ்வளவு வேகத்தை நான் அந்தச் சங்கத்தில் கண்டதில்லை. சால்வைக்குள்ளால் தாள்கள் வந்தன. மச்சான்மார் இருவரும் விழித்தபடியே கொடுத்தார்கள். சேர்ந்தது முந்நூற்றி இருபது. அவ எண்ணிப் பார்த்து, காரியதரிசியின் கையிலிருந்த கட்டைத் திரும்ப வாங்கி, நான்கு பற்றுச்சீட்டை மட்டும் உருவிக் கொடுத்தா. மிச்ச ஏழையும் திரும்பக் கட்டி மடியில் வைத்தா. மிச்சக் காசுக்கு மாதம் எண்பதாக எழுதித் தாருங்கோ என்றா. நான் எழுதினேன், தலைவர் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் எழும்பினா. அந்தக் கதிரையை அடுத்த நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவி, யாருக்கோ விற்றார்கள்.

பங்குக் காசு முந்நூறையும் அந்தக் கிழமையே கட்டிவிட்டா. கிணறு வெட்டினார்கள். எட்டு முழத்தில் கல் வந்தது, வெடி வைத்துப் பிளந்தார்கள், தண்ணீர் நன்றாக வந்தது. அதன்பிறகு அவ எங்கள் முற்றம் கூட்ட வரவில்லை. வெளிநாட்டுப் படிவத்தில் 'தன் விருப்பத்தின் பேரில் விலகினார்' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கிணற்றுக்குச் சுற்றுக்கட்டுக் கட்ட இன்னும் காசு வேணும், மாதத் தவணையைக் கவனித்துக்கொள்ளுங்கோ நயினார் என்று எனக்குச் சொல்லியனுப்பினா.

முதல் தவணை எண்பது ரூபாவையும் தவணை நாளுக்கு முன்பே கொடுத்தார்கள். நான்தான் கொண்டுபோனேன், ஒரு பற்றுச்சீட்டை வாங்கிவந்தேன். ஏன் இந்த அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. முதலாளி சீட்டை வாங்கிக் கிழித்தெறிந்துவிட்டு என்னைக் கேட்டார், இனி அவளிடம் எவ்வளவுக்குச் சீட்டு இருக்கிறதென்று. கழித்துச் சொன்னேன். அந்தக் கழித்தல் மட்டும் எனக்குப் பிழைக்காமல் வந்தது.

"ஐந்நூறுக்குக் கீழை வந்திட்டுது," என்றார் முதலாளி. "இனி அவசரமில்லை."

அடுத்த மாதம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அடுத்த வருசப் பொதுக்கூட்டத்துக்கு அவ மறுபடி வந்தபோது வாசலில் நிறுத்தி, உறுப்பினர் மட்டும் என்றார் காரியதரிசி. எனக்குச் சம்பளம் எண்பதானது. அவவின் கிணறு சுற்றுக்கட்டு இல்லாமலே கிடந்தது. மாரிக்கு விளிம்பு இடிந்து விழ, தென்னோலைக் கிடுகு வைத்து மறைத்தார்கள். ஆறு பற்றுச்சீட்டையும் அவ கடைசிவரைக்கும் அடுப்பில் வைக்கவில்லை. சங்கம் அவவுக்குக் கொடுக்கவேண்டிய மிச்சம் நானூற்றெண்பது ரூபா.